அப்பாவின் பெயர் இருந்த இடாப்பு

எங்கள் பரம்பரையை எழுதி வைக்கிற வேலையை நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். என்னைவிட அதற்கு உரிமை உள்ளவர் யார்? அந்தப் பரம்பரைக்காகக் கலியாணத்தையே விட்டவள் நான். இருபத்து நான்கு வயதில் என்னைக் கேட்டு வந்தவர் கிளிநொச்சியில் வயல் செய்கிற நல்ல மனிதர். அவருடைய ஆட்கள் மலையகத்தில், ஹற்றன் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

"தோட்டக்காட்டாருக்கு நான் பிள்ளை குடுக்கிறேல்லை. நாங்கள் சாவகச்சேரி ஆக்கள்" என்று அப்பா அவரை வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் திருப்பியதை யன்னலால் பார்த்தேன். நானும் வாய் திறக்கவில்லை. அப்பாவின் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை வைத்திருந்த மடைச்சி.

சண்டைக்கால இடம்பெயர்வில் வீட்டுப் பத்திரமெல்லாம் போய்விட்டது. நாங்கள் இப்போது இருக்கிற புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், அப்பா சொன்ன ஊரின் பிறப்புப் பதிவைத் தேடக் கொடுத்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். வந்து கேட்டால் அப்பா வேறோர் ஊரைச் சொன்னார். அதற்கும் அலைந்தேன், அங்கும் இல்லை. உதெல்லாம் இப்ப என்னத்துக்கு என்று அவர் சினந்தபோதுகூட, வயது போனால் மறதிதானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதிவகத்து எழுதுவினைஞர் ஒருவர்தான் வழி சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது எழுதுகிற இடாப்பில் தாய் தகப்பன் விபரம் எல்லாம் இருக்குமாம். அப்பா படித்தது புளியங்குளத்துக்குக் கிட்ட. போன மாதம் பதிவகத்துக் கடிதத்தோடு அங்கே போனேன். சண்டைக் காலத்தில் யாரோ உரப்பையில் சுற்றிக் காப்பாற்றிய பழைய இடாப்பைப் பள்ளிக்கூட அதிபர் எடுத்து வந்தார். இரண்டு பேருமாகப் பக்கம் பக்கமாகத் தேடினோம்.

அப்பாவின் பெயர் இருந்தது. பிறந்த திகதியும் சரி. பாதுகாவலர் என்ற இடத்தில், அப்பாவைப் பெற்றவர் என்று நம்பி நான் அப்பப்பா என்று கும்பிட்ட மனிதரின் பெயர். தகப்பன் பெயர் நான் கேள்விப்பட்டேயிராதது. தொழில், தோட்டத் தொழிலாளி, காலமானார். முன்பு படித்தது ஹற்றனில் ஒரு தோட்டப் பாடசாலை.

"அப்பா எந்த ஊர் எண்டு சொன்னனீங்கள்?" என்று அதிபர் மெல்லக் கேட்டார். நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போனில் எடுத்த படத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இனிப் பொய் சொல்லக் களைத்துவிட்டார் போலும். தாய் தகப்பன் செத்தபின் சாவகச்சேரிக் குடும்பமொன்று புளியங்குளத்தில் தங்கள் வயல் வேலைக்கென்று கூட்டிவந்து வளர்த்ததாம். அவர்களைப் போலவே கதைக்கப் பழகினாராம்.

அநாதையாக வந்தவரில் எனக்கென்ன கோபம்? பெற்றவர்களை மறைத்ததைக்கூடப் பொறுப்பேன். ஆனால் படலையில் நின்று அந்தச் சொல்லைச் சொன்ன வாயை எப்படிப் பொறுப்பது? பெற்ற மகளையே ஏமாற்றிப்போட்டாரே.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா உன்னை ஆர் கேட்டு வந்திருப்பினம் பிள்ளை?" என்றார்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது.

"கேட்டு வந்தது ஒரே ஒராள், அப்பா" என்றேன். "அவரும் உங்கட ஊர்தான்."