நடைபாதையில் நான்கு பெயர்கள்

மேலாளர் அம்மா தன் கைப்பேசியை என் முன் நீட்டியபோது, என் மேசை இழுப்பறையில் முப்பது ஒட்டுமீசைகள் இருந்தன. மறுநாள் தி.நகர் மண்டபம் ஒன்றில் அவருக்குப் பிரிவு உபசாரம். ஐந்து நிமிடம் தாமதமானாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பவர் என்பதால், அந்த ஜெர்மன் சர்வாதிகாரியின் பெயரை அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டியவன் நான்தான். எங்கள் நந்தனம் அலுவலகம் முழுக்க அதே பெயர்; அவருக்கு மட்டும் தெரியாது என்று நம்பினோம். விழாவில் எல்லோரும் அந்தச் சின்ன மீசையை ஒட்டிக்கொண்டு எழுந்து நிற்பதாகத் திட்டம். என் மூளையில் உதித்ததுதான். அங்கே இடம் நிறையக் காலி.

அவர் பெர்லினில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். படத்தில், ஒரு வீட்டு வாசல் நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவுப் பித்தளைத் தகடுகள் நான்கு, எழுத்துகளோடு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் உபயதாரர் பெயரைப் பார்த்து வளர்ந்த மயிலாப்பூர்க்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“நடைபாதை யாரோட உபயம் மேடம்? அங்கயும் நம்மாளுங்கதானா?”

அவர் சிரிக்கவில்லை. “அந்த வீட்ல இருந்தவங்கப்பா. அப்பா, அம்மா, ரெண்டு பசங்க. யூதர்ங்கிற ஒரே காரணத்துக்காக இழுத்துட்டுப் போய்க் கொன்னுட்டாங்க. கடைசிப் பேரு சின்னவளோடது. நாலு வயசு.” குரல் தாழ்ந்தது. “ஒரு வாரம் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி மண்டி போட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சிட்டிருந்தா. அப்பதான் குனிஞ்சு பார்த்தேன்.”

பள்ளியில் அந்தச் சர்வாதிகாரியின் இந்தக் கொலைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். லட்சம் லட்சமாக என்று எழுதினேனே தவிர, ஒரு வீட்டு வாசல், அதில் விளையாடிய ஒரு குழந்தை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ‘அவன் மாதிரி ஒருத்தன் வந்தாதான் இந்த நாடு உருப்படும்’ என்று பேருந்தில் தொங்கிக்கொண்டே தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மண்டபத்தில் பக்கத்து நாற்காலி நண்பன் இடித்தான். “மச்சி, மீசை இன்னாச்சு?”

எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பெயர் வைத்ததையும் மீசை வாங்கியதையும் ஒப்புக்கொண்டேன். கைதட்டிச் சிரித்தார்கள், என் முகராசி அப்படி. அந்தத் தகடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியும் சிரிப்பு ஓயவில்லை. நாலு வயது என்றபோதுதான் நின்றது.

இறங்கிவந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“அந்தப் பேரு எனக்கு எப்பவோ தெரியும்ப்பா,” என்றார். “போன மாசம் வரைக்கும் பெருமையாத்தான் இருந்துது.”