தேரடித் தெருவில் ஒரு வீடும் இல்லை

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டேன். மிக்ஸி ரிப்பேர் முதல் மாமியார் கோபம் வரை வாராவாரம் உங்களிடம் கொட்டியாயிற்று. இது மட்டும் வெளியே வரவில்லை. ஏன்? இதில் நான் நல்லவளாகத் தெரிய மாட்டேன்... அவ்வளவுதான்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அம்மன் கோயில் ஓரமாகத் தகர ஷெட் போட்டுத் தேரை நிறுத்தியிருப்பார்கள். ரோடு அகலப்படுத்தியபோது குடிசை போய்விட, கன்னியம்மா தன் மகள் யமுனாவோடு அந்தத் தேரடிக்கு வந்து சேர்ந்தாள். நாவலூரில் அபார்ட்மென்ட் கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. யமுனா எங்கள் அரசுப் பள்ளியில், என் மகள் தீபிகாவின் ஆறாம் வகுப்பிலேயே சேர்ந்தாள்.

அதுவரை தீபிகாதான் ஃபர்ஸ்ட். அப்புறம்... செகண்ட்.

எனக்கு வயிறு எரிந்தது. ஸ்டடி டேபிள், ஃபேன், ட்யூஷன் எல்லாம் இருந்தும் செகண்டா? வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சை விளக்கு போடுகிறவள் நான். அம்மனோ தன் காலடியில் படுத்துக் கிடக்கிறவளை அல்லவா பார்க்கிறாள்! இதில் ஒரு கொடுமை — யமுனா படிப்பது ஷெட்டில் எரிகிற ட்யூப் லைட்டில். அது என் வீட்டுக்காரர் உபயம். எங்கள் பேரே அதில் எழுதியிருக்கும்.

அந்த வருடமே தகராறு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பழைய நிலக்காரர் குடும்பம், இப்போது பிளாட் வியாபாரம். யமுனா பொய் முகவரி கொடுத்துச் சேர்ந்திருக்கிறாள், டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று நின்றார். பள்ளியில் ‘தேரடித் தெரு’ என்று பதிந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு தெருவே கிடையாது. அம்மாவுக்கு வேலை நாவலூர்ப் பக்கம்தானே, அங்கே கேளம்பாக்கத்தில் சேரட்டுமே என்றார்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் விசாரிக்க வந்தார். குழுவில் நானும் உறுப்பினர். போய் உட்கார்ந்தேன்.

தலைவர் ஆரம்பித்தார். “இன்னாம்மா, இல்லாத தெருவுல எப்டிம்மா குடியிருக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. “நாங்க எந்தத் தெருவும் சொல்லல சார். தேரடில கீறோம்னுதான் சொன்னோம். வூடு இல்லன்னா பொண்ணு படிக்கக் கூடாதா?”

வீடில்லாத பிள்ளை எங்கே தங்குகிறதோ அதுதான் அதன் இருப்பிடம், பக்கத்துப் பள்ளி மறுக்க முடியாது என்றார் மேடம். ஆனால் இவர்கள் நிஜமாகவே இங்கேதான் தங்குகிறார்களா? யார் சொல்வது?

கன்னியம்மா நேராக என்னைப் பார்த்தாள். “அக்காவுக்குத் தெரியும். வெள்ளிக்கெழமன்னா வெளக்கு போட வருவாங்க.”

நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம்... வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தீபிகா மறுபடி ஃபர்ஸ்ட்!

ஆனால் அவள் விளக்கைச் சொல்லிவிட்டாளே? அம்மன் சன்னதியில் நின்று கண்ணால் பார்த்ததைத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

“இங்கதான் இருக்காங்க மேடம்” என்றேன். “தேரடின்னா தெரு இல்ல, தேருக்கு அடியில. பொண்ணு உள்ளதத்தான் சொல்லியிருக்கு. எழுதின டீச்சர்தான் கூட ஒரு தெருவச் சேத்துட்டாங்க.”

மேடம் பதிவேட்டில் ‘தெரு’வை அடித்தார். யமுனா இதே பள்ளியில் தொடரலாம் என்று முடித்தார். தலைவர் என் பக்கம் குனிந்து, “உன் பொண்ணுக்கு நீயே ஆப்பு வச்சிக்கினியேம்மா” என்றார். அவர் சொன்னது சரிதானே?

வாசலில் கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு விட்டாளா? “அக்கா, பூசாரி லைட்ட சீக்கிரமே அணைச்சிடறாரு. ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

இப்போது இருவரும் பத்தாம் வகுப்பு. யார் ஃபர்ஸ்ட் என்று கேட்காதீர்கள். யமுனாவுக்கு ஒரு குறையும் வைக்காதே தாயே, தீபிகாவுக்கு மட்டும் இரண்டு மார்க் கூடப் போடு — இதுதான் என் வெள்ளிக்கிழமை வேண்டுதல்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் வீடில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள். இரக்கப்பட்டுச் சாட்சி சொன்னாள் என்று மட்டும் என்னை உயர்த்திவிடாதீர்கள்... வயிறு எரிந்துகொண்டேதான் சொன்னேன்.