கடைசி வீட்டுக் குழாய்

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குளோரின்காரர், அவ்வளவுதான். குடிநீர் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக ஊருக்குப் போகிற தண்ணீரில் குளோரின் கலந்துவிடுகிறவருக்கு வேறு என்ன பெயர் வாய்க்கும்? நகங்கள் வெளுத்துவிட்டன, சட்டைக் கைகள் சாயம் போய்விட்டன, அவற்றோடு மூக்கும் போய்விட்டது. குளோரின் வாடை ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தங்கமான மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. கல்லைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, பிறகு நாள் கணக்கில் குமைவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே மகள் தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்துகொண்டு வந்து நின்றபோது, "உன்னைக் கைகழுவிட்டேன், போ" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வீம்பு விட வேண்டுமே! அவள் ஒரு பெட்டியோடு போய்விட்டாள். ஜன்னலடியில் இருந்த மீன்தொட்டியை எடுத்துப்போக முடியவில்லை.

அதில் ஏழு மீன்கள். விரல் நீளம், தொட்டியின் அடியிலேயே மணலைக் கிளறிக்கொண்டு திரிகிற குட்டிக் கெளுத்திகள். கோரிடோராஸ் என்று மகள் வாய் நிறையச் சொல்வாள். அவள் அம்மாவுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்காது, மீசைக்காரர்கள் என்பாள். அவற்றை முட்டையிட வைக்க மகள் மூன்று வருஷம் மல்லுக்கட்டியும் ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை.

போனபிறகு வாரம் ஒருமுறை அம்மாவோடு ஃபோனில் பேசுவாள். அப்பாவைப் பற்றி மூச்சு விடமாட்டாள். ஒருநாள் மட்டும், மீசைக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா சமயம் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். முட்டை போட்டால் வந்து பார்ப்பாயா என்று கேட்டாள். "குஞ்சு பொரிச்சா சொல்லும்மா, வரேன்" என்றாள் மகள்.

அன்றிலிருந்து குளோரின்காரர் வேறு ஆளாகிவிட்டார். வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரரிடம் போய்ப் பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டார். மழைக்காலத்தில் முட்டையிடுகிற ஜாதி இது, குளிர்ந்த புதுத்தண்ணீர் விட்டால் மழை வந்துவிட்டது என்று ஏமாந்து முட்டையிடும் என்று கடைக்காரர் சொன்னார். கூடவே, குளோரினை முறிக்கிற மருந்துப் புட்டி ஒன்றையும் நீட்டினார்.

குளோரின்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குளோரின் போடுறவனுக்கே மருந்து விக்கிறியாப்பா? என் தண்ணி எனக்குத் தெரியாதா?" என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வீடுதான் அந்தக் குழாய்த்தடத்தில் கடைசி வீடு. நிலையத்தில் போட்ட குளோரின் அங்கே வந்து சேர்வதற்குள் வழியிலேயே செத்துவிடும். சோதனைக் கண்ணாடிக் குழாயில் மருந்து சொட்டி அந்தத் தண்ணீரைப் பிடித்தால், குளோரினைக் காட்டுகிற மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அதனால் காலையில் குழாயைத் திறந்து, வாளியில் பிடித்த கையோடு தொட்டியில் ஊற்றுவார். மீன்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நாலு மாதம் ஊற்றினார். ஒரு காலையில் வயிறு பருத்த பெண்மீன், அடித்துடுப்புகளை உள்ளங்கை மாதிரிக் குவித்து, முட்டையை அதில் ஏந்திக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டியது. விட்டால் பெற்றவையே தின்றுவிடும். எனவே சுட்டுவிரலால் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்து, தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்ட பெட்டியில் போட்டார். வெளுத்துப் பூஞ்சை பிடித்தவற்றைப் பொறுக்கி எறிந்தார். ஐந்தாம் நாள் கண்ணும் வாலுமாக முப்பதுக்கு மேல் குஞ்சுகள். அவற்றுக்காக ஓட்ஸ் கஞ்சியில் நுண்புழு வளர்த்தார். அது புளித்து நாறுகிறது என்று மனைவி புலம்பினாள். எனக்கு ஒன்றும் நாறவில்லையே என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் மகள். குளோரின்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து, "தப்புதாம்மா, அப்பா பேசினது தப்புதான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, கேட்காதவள் மாதிரி நகர்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆற்றில் கலங்கல் வந்தது. பள்ளமான தெருக்களில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. குளோரினை இரண்டு மடங்காக்குங்கள், கடைசி வீட்டுக் குழாயில் நல்ல மஞ்சள் தெரிய வேண்டும் என்றார் என்ஜினியர். குளோரின்காரர் பொழுதெல்லாம் நின்று, அளவு பிசகாமல் கலந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கடைசி வீடு எது என்பது அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? அலுவலக நினைப்பை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் குழாயைத் திறந்து பிடித்து, வாளியோடு தொட்டியில் கவிழ்த்தார். மீன்கள் விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே பாய்ந்தன, மறுபடி மேலே வந்தன. புதுத்தண்ணீர் கண்டால் அவை அப்படித்தான் துள்ளும். அவருக்கு வாயெல்லாம் பல். "இந்தா, வந்து பாரு! உம் பொண்ணு வராள்னு தெரிஞ்சுபோச்சு இதுங்களுக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தாள். வாசற்படி தாண்டுவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, வீடெல்லாம் ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குடிக்கப் பிடித்து வைத்திருந்த முந்தின நாள் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினார். வேறு எதை ஊற்றுவார்? வீட்டில் இருப்பது ஒரே குழாய். பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றிரண்டு துடித்தன, பிறகு அதுவும் இல்லை. ஏழு மீனும் மல்லாந்துவிட்டன. சோதனைக் கண்ணாடியை எடுத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குழாயில் அப்படி ஒரு மஞ்சளை அவர் பார்த்ததில்லை. என்ஜினியர் கேட்ட மஞ்சள்.

செத்ததைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தபோது மனைவி மகளுக்கு ஃபோன் போட்டாள். "நான்தான்டி ஊத்திட்டேன். புத்தி கெட்டுப்போய் ஊத்திட்டேன்" என்றாள். குளோரின்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரையே வாயால் வெட்டுகிற மனுஷன், பெண்டாட்டி தன் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

மனைவி ஃபோனை நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

ஈரக் கையோடு வாங்கிக் காதில் வைத்தார். பழகி வைத்த வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"அப்பா, அம்மாவைத் திட்டாதீங்க."

"இல்லம்மா," என்றார். "திட்டல."

அவள் வைத்துவிட்டாள்.

"நாளைக்கு வராளாமா?" என்று கேட்டாள் மனைவி.

"கேக்கல."

"என்னதான் சொன்னா?"

"உன்னைத் திட்டக் கூடாதாம்."

மனைவி தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்க உட்கார்ந்தாள். அவர் அடுப்படிக்குப் போனார். கையெல்லாம் மீன் வழவழப்பு, கழுவ வேண்டும். குழாயைத் திறக்க மனம் வரவில்லை. கையைத் தொங்கவிட்டபடி அப்படியே நின்றார்.