பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு புள்ளி

சுதர்ஷினி என்னோடு இரண்டரை வருடம் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு அவளிடம் நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் கோபம்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியா மாவட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்டி மாவட்டம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர், அதில் ஒருத்தி எப்போதும் பிரசவ லீவில். பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுன் பள்ளிக்கூடம். அங்கே வகுப்புக்கு ஒரு ஆசிரியர், பின்னேரம் டியூஷன், பிள்ளைகள் காலில் வெள்ளைச் சப்பாத்து.

சுதர்ஷினி கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவான். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் கிஷாந்த் கணக்கில் புலி. நாலாம் வகுப்பு முடிந்ததும் அவனை டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்று விடுகைப் பத்திரம் கேட்டு வந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருடம் மாங்கு மாங்கென்று சொல்லிக் கொடுத்தவள் நான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். புலமைப்பரிசிலுக்கு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி; பாஸாக அந்த அளவு புள்ளியாவது எடுக்க வேண்டும். பிள்ளை எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதுகிறதோ, அந்த மாவட்டத்துப் புள்ளிதான் அதற்கு. நுவரெலியாவுக்குக் குறைவு, கண்டிக்குக் கூடுதல். சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் முடிவு வந்தது. கண்டிக் கணக்குக்குக் கிஷாந்துக்கு இரண்டு புள்ளி குறைவு. நுவரெலியாக் கணக்குக்கு ஒரு புள்ளி கூடுதல். பத்திரிகையில் வந்த பட்டியலை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். கூடையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"டீச்சர், இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "தெரியும்" என்றேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தித் தொலைத்திருப்பேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வழியில் என்னைக் கண்டால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

கிஷாந்த் டவுனிலேயே படிப்பைத் தொடர்ந்தான். படித்தான் என்று சொல்ல முடியாது. பெயரளவுக்குக் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். கணக்கு என்றால், "நான்தான் பெயிலாச்சே" என்பானாம். அதைக் கேள்விப்பட்ட நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னவள் நிலக்ஷியை மட்டும் சுதர்ஷினி என் பள்ளிக்கூடத்திலேயே விட்டு வைத்தாள். என் முகத்துக்காக இல்லை, மாவட்டத்துக்காக. நிலக்ஷி ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நான் மூன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தேன்.

சுதர்ஷினி மற்றத் தாய்மாரைக் கூட்டினாள். வாரத்துக்கு ஒருத்தி கல்வி அலுவலகத்துக்குப் போவது, ஆசிரியர் வரும்வரை போவது என்று முடிவு செய்தார்கள். போகிறவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான். அதாவது, தோட்டத்தில் சொன்ன கிலோக் கணக்குக்குக் கொழுந்து நிறுக்காதவளுக்கு முழுநாள் பெயர் விழாது, அரைநாள்தான். தெரிந்தேதான் போனார்கள்.

ஏழாவது வாரம் சுதர்ஷினியின் முறை. என் லீவுக் கடிதம் ஒன்றைக் கொடுக்க நானும் அன்றைக்குப் போயிருந்தேன். ஒரே வாங்கில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். நடுவில் அவளுடைய குடை.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார், உங்கள் மாவட்டத்துக்குப் புள்ளி குறைவுதானே அம்மா, பிள்ளைகளுக்கு அது ஒரு உதவிதானே என்று. சுதர்ஷினி எழுந்து நின்றாள்.

"ஐயா, செடி காஞ்சு கெடக்குற மலையில கங்காணி கிலோவக் கொறச்சுத்தான் கேப்பாரு. அது நியாயந்தான். அதுக்காக எங்க கை மட்டம்னு ஆயிராது. ஆனா வருசா வருசம் கிலோவ மட்டும் கொறச்சுக்கிட்டு, மலைக்கு ஒரமே போடாம இருந்தா? எங்க புள்ளைங்களுக்குப் புள்ளியக் கொறச்சிட்டீங்க, சரி. டீச்சர எப்பங்க அனுப்புவீங்க?"

அதிகாரி பேனாவை எடுத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டார். ஆறு வாரமாக யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடையைத் தாண்டி அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது, துணிச்சல் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். மன்னிப்பதாகவெல்லாம் சொல்லவில்லை. பிள்ளைகளை நாலு மணி வரைக்கும் வகுப்பில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள்; கொழுந்து நிறுத்துவிட்டுத் தானே வந்து பதினொரு பேரையும் லயத்து வீடுகளுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். சரி என்றேன். பத்து நாளில் புது ஆசிரியர் விஜிதரன் வந்து சேர்ந்தார். அவரும் நாலு மணிக்குச் சம்மதித்தார். மழையோ பனியோ, நாலு மணிக்கு ஈரச் சாக்கை இடுப்பில் கட்டியபடி சுதர்ஷினி வாசலில் நிற்பாள். ஒரு நாள்கூட விடவில்லை.

முடிவு வந்த அன்று போனில் நிலக்ஷியின் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தேன். மூச்சு வாங்க மலை ஏறிக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் சுதர்ஷினி கூடையை இறக்கினாள்.

"பாஸ்" என்றேன்.

"கண்டிக்கு எவ்ளோ டீச்சர்?"

"கண்டிக் கணக்குக்கும் அஞ்சு புள்ளி கூடத்தான்."

அவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அழுதார்கள். பதினொரு பேரில் நாலு பேர் பாஸ். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் ஒரே வருடத்தில் ஒருவருக்கு மேல் பாஸானதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப வீட்டுக்கு வாங்க டீச்சர். கிஷாந்த் இருக்கான். அவன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தா பாஸுன்னு நீங்க சொல்லணும். நான் சொன்னா, அம்மா சும்மா தேத்துறாங்கன்னு நெனைக்கிறான்."

போனேன். கிஷாந்த் தங்கையின் புத்தகப் பையைத் தைத்துக்கொண்டிருந்தான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அவன் முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ பெயிலில்லை என்றேன். எனக்கு முன்னமே தெரியும், உன் அம்மா மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

அவன் ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்த மாதிரி மாவட்டக் கணக்கு இன்னும் எந்தெந்தப் பரீட்சைக்கு இருக்கு டீச்சர்? இப்பவே சொல்லிருங்க."

சுதர்ஷினி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து, கெம்பஸ் எடுபடுவது, அதாவது பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைப்பது வரைக்கும் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தங்கையின் கொப்பியில் எழுதிக்கொண்டான்.