செருப்புக் கழற்றும் இடம்

1. ஆச்சியை இடித்த கதவு

"அண்ணை, உங்கட கதவு ஒரு ஆச்சியை இடிச்சு விழுத்திப் போட்டுது. வந்து கரண்டைக் கழட்டி விடுங்கோ. இனி எங்களுக்கு இது வேண்டாம்."

தொலைபேசியில் பேசியவர் எங்கள் தீவில், கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் தாதி. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் கட்டிக் கொடுத்த கட்டடம். முன் வாசலில் ஆள் வந்தால் தானாக விலகித் திறக்கும் கண்ணாடிக் கதவு. பிள்ளைகளே, அப்பா கதவு திருத்துகிறவர் என்று நீங்கள் சொன்னால் கேட்கிறவர்கள் தச்சு வேலை என்று நினைக்கிறார்களாமே. நான் பார்ப்பது இந்த மாதிரிக் கதவுகளைத்தான்.

வேலணையில் இருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். நாகம்மா ஆச்சி முழங்கையில் கட்டுப் போட்டபடி வாங்கில் இருந்தார். பெரிய காயம் இல்லை. ஆனால் பயந்து போயிருந்தார்.

கதவை முழுதாகச் சோதித்தேன். கீழ் ரெயிலில் இருந்த மண்ணைத் தூரிகையால் எடுத்தேன். ரோலர், பெல்ட் இரண்டும் சரி. மேலே இருக்கும் ரேடார் சென்சர் ஆள் நடந்து வருவதைக் கண்டு கதவைத் திறக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் போகும் சேஃப்டி பீம், இடையில் கால் நின்றால் மூட விடாது. அதன் கண்ணில் படிந்திருந்த உப்பைத் துடைத்தேன். துடைக்க முதலும் அது வேலை செய்தது. வேகமாக நடந்தேன், மெதுவாக நடந்தேன், நடுவில் நின்றேன். கதவு என்னைத் தொடவே இல்லை.

முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப பிறகென்ன ஐசே? கதவில பிழை இல்லை, ஆச்சி கவனிக்கேல்லை எண்டு எழுதிப் போட்டு வாரும்."

"எனக்கு இன்னும் காரணம் தெரியேல்லை சேர். தெரியாமல் அப்பிடி எழுத ஏலாது."

"சரி, இருந்து அவையோட தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

2. செருப்பில்லாதவரின் பகிடி

"கதவை மூடி நிப்பாட்டினால் எல்லாரும் பக்கத்து வாசலால வரட்டும்" என்றார் தாதி. பக்கத்து வாசலில் படிகள் இருந்தன. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னொருவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அந்த நேரம் அந்தோனிப்பிள்ளை அண்ணை சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சரிவுப் பாதையால் ஏறி வந்தார். கடலுக்குப் போனவர். சீனி வருத்தத்தால் இரண்டு காலும் முழங்காலோடு எடுத்தாயிற்று. ஒரு பக்கம் இன்னும் ஆறாத புண். ஒன்றுவிட்ட ஒருநாள் மருந்து கட்ட வர வேண்டும். கதவு அவருக்கு விலகித் திறந்தது.

நிப்பாட்டப் போகிறார்கள் என்று கேட்டதும் அவருடைய முகம் மாறியது.

"பிள்ளை, பழைய கட்டடத்தில என்னை மீன்பெட்டி மாதிரி ரெண்டு பேர் தூக்கி வச்சவங்கள். தூக்க ஆளில்லாத நாள் நான் வரேல்லை. புண் மேல ஏறினது அப்பிடித்தான். திரும்பவும் அந்தப் படியே?"

அவர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"உந்தக் கதவு என்னை ஒருநாளும் இடிக்கேல்லை. இவையளைத்தான் இடிக்குது. எனக்குக் கழட்டச் செருப்பில்லை பாரும், அதுதான்" என்று சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். வெளியே படியோரம் முழுவதும் செருப்புகள்.

எழும்பிப் போய் மற்றவர்கள் செய்வது போலச் செய்தேன். கதவு திறந்தது. வெளியே நின்றபடி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று, குனிந்து மெல்லச் செருப்பைக் கழற்றினேன். அசையாத ஆளை ரேடார் காணாது. என் கால்கள் பீமுக்கு வெளியே, தலையும் தோளும் உள்ளே. கதவு மூடி வந்து தோளில் முட்டி, உடனே திரும்பிப் போனது. எனக்கு அது சின்னத் தள்ளல். ஒற்றைக் காலில் நிற்கிற வயதானவரை விழுத்த அது போதும்.

"செருப்போட உள்ள வரலாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்றார் தாதி.

"நோய் வருத்தம் மாத்திற இடத்துக்குள்ள செருப்போட வாறதே, பிள்ளை?" என்றார் நாகம்மா ஆச்சி.

3. பிடிக்க ஒன்று

முதலாளிக்கு மறுபடி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"கதவு திறந்து நிக்கிற நேரத்தைக் கூட்டி விடும்" என்றார்.

"எவ்வளவு கூட்டினாலும் அதைவிட ஆறுதலா மெல்லக் கழட்டுற ஒராள் வருவார் சேர். அசையாமல் நிக்கிற ஆளையும் காணுற சென்சர் வேணும்."

"அது கொழும்பில இருந்தெல்லோ வரவேணும்."

"வரட்டும். வருமட்டும் சனம் கதவைப் பிடிக்காமல் நான் பாக்கிறன்."

தாதியிடம், அந்தச் சென்சர் வரும்வரை கதவை நிறுத்த வேண்டாம், செருப்புக் கழற்றும்போது பிடிக்க வெளியே ஒரு குழாய் நாட்டித் தருகிறேன் என்றேன். அவர் அந்தோனிப்பிள்ளை அண்ணையைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கதவில் இருந்து தள்ளி, கூரை நிழல் முடிகிற இடத்தைக் காட்டினார். "இதில செய்யுங்கோ. இதுக்கு அங்கால வெயில், ஒருத்தரும் நிக்க மாட்டினம்."

அந்த இடத்தில் ஒரு கைபிடிக் குழாய் நாட்டினேன். சரிவுப் பாதையை மறிக்காமல் பக்கத்தில் ஒரு வாங்கும் செருப்புத் தட்டும் வைத்தோம். அந்தோனிப்பிள்ளை அண்ணை அருகில் இருந்து, "கல்வனைஸ் இரும்பு போடாதையும், உப்புக்காத்து ஒரு மாரிக்குள்ள திண்டிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டெயின்லெஸ் குழாய்தான் போட்டேன்.

அறிவித்தல் எதுவும் எழுதவில்லை. நாகம்மா ஆச்சி அடுத்த முறை வந்தபோது நான் அங்கே நின்றேன். நேரே போய்க் குழாயைப் பிடித்தார், செருப்பைக் கழற்றினார், நிமிர்ந்து நடந்தார்.

"இப்ப பயமில்லையோ ஆச்சி?" என்று கேட்டேன்.

"பிடிக்க ஒண்டு இருந்தால் நான் ஏன் தம்பி கதவைப் பிடிக்கிறன்?"

பிறகு புதுச் சென்சரும் வந்தது. அதைப் பொருத்தி, ஒற்றைக் காலில் நின்று சோதித்துவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைகளே, இயந்திரத்திலும் பிழை இல்லை, மனிதரிலும் பிழை இல்லை, ஆனாலும் ஆள் விழும். அப்படியான நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. அந்த இடத்துச் சனம் எப்படி நிற்கிறது, எதைப் பிடிக்கிறது என்று பார்க்கும்வரை இருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து சேர்விஸுக்குப் போனேன். தாதி மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அந்தோனிப்பிள்ளை அண்ணை எதிரே இருந்தார்; தூக்கச் சொல்லி ஒருவரையும் அவர் கூப்பிட்டிருக்கவில்லை.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" என்றார் தாதி.

"நான் வந்து கனநேரம், பிள்ளை."