கண்ணாயி வைத்த பாஸ்வேர்டு

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மிளகு விவசாயிகள் சங்கத்தில் கூட்டிப் பெருக்குவது, கடிதம் டைப் அடிப்பது, ஃபோன் எடுப்பது எல்லாம் கண்ணாயிதான். பதவிப் பெயர் மட்டும் உதவியாளர். பத்தாவது முடித்து, சேந்தமங்கலத்தில் டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணியவர். கணவர் அருணாசலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக நியாயம் பேசுகிறவர். ஆகவே வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான்.

2009-ல் ஆபீஸுக்கு வயரில்லாத இன்டர்நெட் வந்தது. இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி. மலையில் வீட்டுக் கதவையே சும்மா சாத்திவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்கள், காற்றில் வருவதற்கு யார் பூட்டுப் போடுவார்கள்? பக்கத்து லாட்ஜில் தங்க வந்தவர்கள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சங்கத்து இன்டர்நெட்டில் படம் பார்த்தார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்த அளவு பத்தே நாளில் தீர்ந்தது. அப்புறம் மிளகு வியாபாரிகளுக்கு ஒரு மெயில் கூடப் போகவில்லை.

சங்கச் செயலாளர் தரணிதரன் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த இளைஞர். "பாஸ்வேர்டு போடுங்கக்கா. யாருக்கும் சொல்லீராதீங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா கமிட்டி வேற ஆளப் போடச் சொல்லீருமுங்க" என்றார்.

கண்ணாயி நாள் முழுக்க யோசித்தார். வாயால் சொல்லவே கூடாத ஒரு சொல் வேண்டும். அப்படி ஒன்று இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் இருந்தது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். கணவர் பேரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் லாட்ஜ் மேனேஜர் அர்த்தனாரி ஒரு தட்டு பஜ்ஜியோடு வந்தார்.

"ஏனுங்க செல்வத்தோட அம்மா, அந்தப் பாஸ்வேர்டக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"ஐயோ, அத எப்படிங்க என் வாயால சொல்லுவேன்!" கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அர்த்தனாரி மறுபேச்சில்லாமல் போய்விட்டார். கண்ணாயிக்குத் தன் சாமர்த்தியத்தில் பெருமை தாங்கவில்லை. பஜ்ஜியும் நன்றாகவே இருந்தது.

அன்று சாயங்காலமே லாட்ஜ் மாடியில் படம் ஓடியது. கல்யாணமான பெண் வாயைப் பொத்திக்கொண்டு சொல்ல மறுக்கிற பேர் உலகத்தில் எத்தனை இருக்க முடியும்? ஒன்பதே நாளில் அளவு காலி. சென்னையிலிருந்து வந்தவர்கள்கூட அருணாசலத்தைப் பேர் சொல்லி வணங்கினார்கள். எதற்கென்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"யாருகிட்டச் சொன்னீங்கக்கா?" என்றார் தரணிதரன்.

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லலீங்க சார்."

"என்ன வெச்சிருக்கீங்க?"

கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டார். தரணிதரன் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த மாசமும் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்கக்கா."

கண்ணாயிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த மனுஷனுக்கு ஆக்கிப் போட்டது போதாதென்று, அவர் பேரைக் காத்ததற்கு வேலையும் போக வேண்டுமா? அதே ஆத்திரத்தில் பழைய பேரை அழித்துவிட்டு வேறொரு பேரை அடித்தார்.

அர்த்தனாரி விடவில்லை. மகன் பேர், குலசாமி பேர், கறவை மாட்டின் பேர் எல்லாம் அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. மாதக் கடைசியில் அளவு பாதிக்கு மேல் மிஞ்சியது. வேறு ஆள் போடும் பேச்சு கமிட்டியில் எழவே இல்லை.

வணக்கம் நின்றுபோன காரணத்தை அர்த்தனாரி சொல்லித் தெரிந்துகொண்ட அருணாசலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்: "எம் பேர எடுத்துப்புட்டு யாரு பேர வெச்சே?"

"நம்மூட்டுல இருக்கறவங்க பேருதானுங்க."

"செல்வமா?"

"இல்லீங்க."

"எங்கம்மாளா?"

"இல்லீங்க."

"அப்பறம் நம்மூட்டுல வேற யாரு இருக்கறா?"

அருணாசலம் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாயி தன் பேரைச் சொல்லாமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.