கரி பிடிக்காத குண்டான்

போன வாரம் என் மகனின் ரேஷன் கார்டு விஷயமாக விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். மகனும் மருமகளும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். "தனியாதான் சமைக்கிறாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். மிகச் சாதாரணமான கேள்வி. நானோ அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள்தான் முன்னால் வந்து, "ஆமா சார், மேல எங்களுக்கு கேஸ் தனியா இருக்குது" என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் போனதும் நான் மாடிக்கு ஏறிப்போய் அவர்கள் அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். "இதுக்குப் போய் டென்ஷனாம்மா?" என்று மகன் சிரித்தான். அவனிடம் நான் எங்கள் பழைய அடுப்பைப் பற்றிச் சொன்னதில்லை.

நைனா இறந்த பிறகு அம்மா என்னை அழைத்துக்கொண்டு செஞ்சிக்கே, தன் அண்ணன் வீட்டுக்கு, வந்துவிட்டாள். மாமா மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குபவர். அறுவடைக் காலத்தில் சட்டைப் பையெல்லாம் நெல் தூசியோடு ராஜா மாதிரி வருவார். மற்ற மாதங்களில் வீட்டுக்குள் வரும்போதே பேச்சைக் குறைத்துக்கொள்வார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அத்தை எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிட உட்காருவாள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கார்டு போடுவது மாமாவின் யோசனை. தனிக் குடும்பம் என்றால் அரிசியும் தனியாகக் கிடைக்கும். ஆனால் தனிக் குடும்பம் என்பதற்குத் தனி அடுப்பு காட்ட வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

"அடுப்பு ரெண்டானா மனுசங்க ரெண்டாயிடுவாங்களா? கார்டு வர்ற வரைக்கும்தான் இந்த வேஷம். அப்பறம் ரெண்டு அரிசியும் ஒரே பானைல வேவும்" என்றார் மாமா.

கொல்லைப்பக்கத்துச் சாய்ப்பில் செங்கல் வைத்து, மண் பூசி, அவரே அடுப்பு கட்டினார். புது அடுப்பென்று தெரிந்தால் கார்டுக்கு எழுத மாட்டார்கள் என்பதால் அதைப் பழசாக்கும் வேலை தொடங்கியது. ஈர மல்லாட்டைத் தோலை, அதான் வேர்க்கடலைத் தோலை, கொளுத்திச் சுவரெல்லாம் புகை ஏற்றினார். இருமிக்கொண்டே சிரித்தார். கரியைத் தொட்டு எனக்கு மீசை வரைந்துவிட்டு, "மருமவளே, இப்ப நீதான் குடும்பத் தலைவி" என்றார். அத்தைகூடச் சிரித்தாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காலை வேளையில் வந்தார். சாய்ப்புக்குள் குனிந்து அடுப்பைப் பார்த்தார். சுவரை விரலால் தொட்டார். பிறகு அடுப்பின் மேலிருந்த குண்டானைத் தூக்கி, திருப்பிப் பார்த்தார்.

"சுவத்துல இவ்ளோ கரி இருக்குது. குண்டான் அடியில ஒரு பொட்டுகூட இல்லியே. இன்னாம்மா, கண்ணாடியாட்டம் பளபளங்குது?"

அம்மா தலை குனிந்தாள். விடியற்காலையிலேயே எழுந்து, புளியும் மணலும் போட்டு அதைத் தேய்த்து வைத்திருந்தாள். வீட்டுக்கு ஓர் ஆபீசர் வருகிறார். கரி அப்பிய பாத்திரத்தையா அவர் கண்ணில் காட்டுவது? மாமா பாடுபட்டு ஏற்றிய கரியை அம்மாவின் மானம் தேய்த்து எடுத்துவிட்டது.

வேலிக்கு அப்பால் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப் போனார்.

"அது எப்டி சார் கரி புடிக்கும்?" என்று மாமா குரலை உயர்த்தினார். "வந்த புதுசுல எரிஞ்ச அடுப்பு சார் அது. இப்ப அரிசி இருந்தாதானே எரியும்? ஒரு பிடி அரிசி நான் குடுக்கிறதில்ல. எம் புள்ளைங்களுக்கே பத்தல. புருசன் செத்துட்டா அண்ணன் வூட்ல வந்து குந்திக்கணுமா? இவள யாரு வரச் சொன்னது?"

இது ஏற்கெனவே பேசி வைத்ததல்ல. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ஏய்யா, கூடப் பொறந்தவளப் பேசுற பேச்சா இது? நீயெல்லாம் மனுசனா?" என்றார் இன்ஸ்பெக்டர். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "தூ! இவனெல்லாம் ஒரு அண்ணன்!" என்றது. மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுதினார்.

கார்டு வந்தது. ரேஷன் அரிசியும் வந்தது. அதை அம்மா அந்தச் சாய்ப்பு அடுப்பிலேயே பொங்கினாள். மாமா உள்ளே கூப்பிடவில்லை, அம்மாவும் போகவில்லை. தெருவே கேட்ட பேச்சு. அடுத்த நாளே ஒரே பானையில் பொங்கினால் யாராவது ஆபீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கமிட்டியில் அவரை, "இன்னாப்பா, தங்கச்சி வூட்ல இன்னிக்காவது சோறு பொங்குச்சா?" என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம். அவர் இறந்த அன்றுதான் அம்மா என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணன் ஒரு வாட்டி வாயத் தொறந்து நெசத்த சொல்லியிருந்தா நம்ம கார்டு போயிருக்கும்." ஆனால் அன்று அவர் கத்தியதில் எவ்வளவு வேஷம், எவ்வளவு நிஜம் என்று அவளும் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

கார்டு வந்த புதிதில் ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தேன். கடைத்தெருவில் கூட்டம். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மாமா இறங்கி, பைக்குக் கை நீட்டினார். "குடு மருமவளே, கேரியர்ல வெச்சிக்கலாம்."

"இது எங்க அரிசி. உன்னோடது இல்ல. நாங்களே தூக்கிக்குவோம்" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ! டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அப்டிக் கேளு பாப்பா" என்றார்.

மாமா அவர்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, மெதுவாக, "நல்லா சொன்ன. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார்.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். உரக்கவே சொன்னேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் பின்னாலேயே, எங்கள் தெருமுனை வரை வந்தார். பை கனத்தது. நான் நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். என்னோடு சேர்ந்து நடக்க அவருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.